சைவதூஷணபரிகாரம்

சைவதூஷணபரிகாரம் என்பது யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றி 1854 ஆம் ஆண்டில் வெளிவந்த சமய மறுப்பு நூலாகும். சைவ வழிபாட்டின்மீது சீர்திருத்தக் கிறித்தவச் சமயப்பரப்பாளர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளுக்கு இந்நூல் உரைநடையில் விடை கூறுகிறது. அவ்விடைகளுக்குச் சைவ நூல்கள் மட்டுமன்றி விவிலியத்தின் பழைய ஏற்பாடும் சான்றாகக் கொள்ளப்பட்டிருப்பது இந்நூலின் தனித்தன்மையாகும். எகிப்திலிருந்து வெளியேறிய இசுரவேலர் நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்தபோது பெற்றதாகக் கூறப்படும் வழிபாட்டுச் சட்டங்கள் இந்த வாதத்திற்கு அடித்தளமாக அமைகின்றன.

கடவுளிடம் நம்பிக்கை கொள்வது என்பது அவர் விதித்த முறைப்படி அவரை வழிபடுவதே என்ற கொள்கை இந்நூலின் உள்ளீடு எனலாம். இதே அளவுகோலை நாவலர் பின்னாளில் தம் சமயத்தவர்மீதும் பயன்படுத்தினார். அதன் விளைவாகச் சிதம்பரத்தில் எழுந்த பூசல், 1869 ஆம் ஆண்டில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

பின்னணி

நாவலர் யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மெதடித்தச் சபையினர் நடத்திய ஆங்கிலப் பாடசாலையில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அதன் தலைவராயிருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் பணியை மேற்கொண்டபோது, நாவலர் அவருக்குத் துணைவராக அமர்த்தப்பட்டார். 1840களின் பெரும்பகுதி இப்பணியில் கழிந்தது. நாவலர் கிறித்தவராக மாறவில்லை. பெர்சிவலும் அவரை வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. இருவருக்குமிடையே இருந்த நன்மதிப்பு, அக்காலத்துச் சமயப் பூசல்களின் நடுவே அரிதான ஒன்றாகும்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு நூலைப் படிப்பதற்கும் பிறர் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஞாயிறு வழிபாட்டில் வாசிக்கப்படாத பகுதிகளையும், கூடாரத்தின் பலகைகள், கொளுவிகள், திரைகள் ஆகியவற்றின் அளவுகளைக் கூறும் அதிகாரங்களையும், பலிகளின் வகைகளைக் கூறும் அதிகாரங்களையும் அவர் சொல் சொல்லாகக் கடந்தாக வேண்டும். பெரும்பாலான கிறித்தவர்கள் விரைந்து புரட்டிச் செல்லும் இப்பகுதிகளிலேயே நாவலர் தமக்கு வேண்டிய சான்றுகளைக் கண்டார். 1840களின் தொடக்கத்தில், அமெரிக்க மிசனரிமார் வெளியிட்டுவந்த உதயதாரகை இதழுக்கு எழுதிய மடலிலேயே பண்டைய இசுரவேலரின் ஆலய வழிபாட்டையும் சைவ ஆலய வழிபாட்டையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார்.

1848 ஆம் ஆண்டில் அவர் பாடசாலைப் பணியிலிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது. பெர்சிவலின் மொழிபெயர்ப்பு 1850 இல் சென்னையில் அச்சேறியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது.

வனாந்தர ஆண்டுகள்

நூலின் வாதத்தைப் புரிந்துகொள்ள, அது சான்றாகக் கொள்ளும் வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். எகிப்தில் அடிமைகளாயிருந்த இசுரவேலர் மோசேயின் தலைமையில் வெளியேறிச் சீனாய் வனாந்தரத்தை அடைகின்றனர். நேர்வழியில் சில வாரங்களில் முடிந்திருக்கக்கூடிய பயணம் நாற்பது ஆண்டுகளாக நீள்கிறது. இந்நீட்சிக்குக் காரணம் வழியின் கடுமை அன்று, கீழ்ப்படியாமையே என்று எண்ணாகமம் கூறுகிறது. கானான் நாட்டை உளவறியச் சென்ற பன்னிருவருள் பதின்மர் அச்சமூட்டும் செய்தியைக் கொண்டுவந்தனர். மக்கள் அதை நம்பி எகிப்துக்குத் திரும்ப விரும்பினர். உளவு பார்த்த நாற்பது நாள்களுக்கு நாளுக்கோர் ஆண்டாக நாற்பது ஆண்டுகள் அலைச்சல் தண்டனையாக விதிக்கப்பட்டது. அத்தலைமுறையில் யோசுவா, காலேபு ஆகிய இருவர் மட்டுமே வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் நுழைந்தனர்.

நம்பிக்கையும் கீழ்ப்படிதலும் இவ்வரலாற்றில் பிரிக்க முடியாதவை. இதற்கு மன்னாவைப் பற்றிய பகுதி நல்ல சான்றாகும். நாள்தோறும் அன்றைய தேவைக்கு மட்டும் மன்னாவைச் சேர்க்க வேண்டும். நாளைக்கென்று மீத்து வைத்தால் அதில் புழு பிடிக்கும். ஆறாம் நாளில் மட்டும் இருமடங்கு சேர்க்கலாம், அது கெடாது. நாளைய உணவு நாளை வரும் என்று நம்புகிறவரே இன்று மிகுதியாகச் சேர்க்காமல் இருப்பார். நம்பிக்கை இங்கு உள்ளத்தின் உணர்ச்சியாக மட்டும் நின்றுவிடாமல், எவ்வளவு சேர்க்கிறோம் என்பதில் புலப்படுகிறது.

வழிபாட்டைப் பொறுத்தவரை இந்நூல்கள் இன்னும் கண்டிப்பானவை. யாத்திராகமத்தின் பிற்பகுதியில் ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கும் முறை விரிவாக விதிக்கப்படுகிறது. பின்னர் அது அவ்வாறே செய்து முடிக்கப்பட்டது என்று அதே விவரங்கள் மீண்டும் கூறப்படுகின்றன. படிப்போருக்குச் சலிப்பூட்டும் இம்மீள்கூறல் பொருளற்றதன்று. கட்டளைக்கும் செயலுக்கும் இடையில் வேறுபாடு இல்லை என்பதை அது காட்டுகிறது. ஆரோனின் மக்களாகிய நாதாபும் அபியூவும் விதிக்கப்படாத நெருப்பைக் கொண்டு தூபம் காட்டியமையால் உயிரிழந்தனர். பாறையை நோக்கிப் பேசுமாறு பணிக்கப்பட்ட மோசே அதைக் கோலால் இருமுறை அடித்தார். தண்ணீர் வந்தது. எனினும் அச்செயலின் பொருட்டு அவரே கானானுக்குள் நுழையும் பேற்றை இழந்தார். நாற்பது ஆண்டுகள் மக்களைச் சுமந்தவருக்கு இத்தண்டனை மிகையானது என்ற கருத்து யூத உரையாசிரியர்களிடையேயும் நீண்டகாலம் விவாதிக்கப்பட்டுள்ளது.

வரலாற்று நோக்கில், அத்துணைப் பெரிய மக்கள்திரள் சீனாய்த் தீவக்குறையில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தமைக்குத் தொல்லியல் சான்றுகள் கிடைக்கவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விவாதத்தில் ஈடுபட்ட இருதரப்பினரும் இவ்வரலாற்றை நூலில் உள்ளவாறே எடுத்துக்கொண்டனர்.

‘ஆகமம்’ என்னும் சொல்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் விவிலியத்தில் மோசேயின் ஐந்து நூல்களும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று பெயர் பெறுகின்றன. விவிலியம் முழுவதும் வேதாகமம் எனப்படுகிறது. இறைவனிடமிருந்து வழிவழி வந்த நூல் என்னும் பொருளில், ‘ஆகமம்’ என்பது சைவர்கள் தம் ஆலய அமைப்பையும் பூசை முறையையும் வகுக்கும் நூல்களுக்கு வழங்கிய பெயராகும். புதிய சமயத்தின் நூலுக்கு மதிப்புத் தேடிய மொழிபெயர்ப்பாளர்கள் பழைய சமயத்தின் சொல்லைக் கடனாகப் பெற்றனர். ஆனால் லேவியராகமத்தையும் காமிகாகமத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு, இப்பெயர் ஒற்றுமை வெறும் சொல்லளவில் நிற்பதாகத் தோன்றாது. இரண்டும் கடவுளை எவ்விடத்தில், எப்பொருள்களால், யார், எந்நிலையில் நின்று வழிபட வேண்டும் என்பதையே பேசுகின்றன. தமிழகக் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் இந்நூல்கள் தொடக்கநூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச்சட்டம் எனத் தமிழ்ப் பெயர்களைப் பெற்றதால் இத்தொடர்பு அங்கே மறைந்துவிட்டது.

நூலின் வாதம்

சமயப்பரப்பாளர்களின் குற்றச்சாட்டு எளிமையானது. கடவுள் உருவமற்றவர், எங்கும் நிறைந்தவர். அவருக்குக் கோயிலும் விளக்கும் சோறும் புகையும் எதற்கு? இவை அறியாமையின் விளைவு என்றும், கடவுளை இழிவுபடுத்துவன என்றும் அவர்கள் துண்டு வெளியீடுகளிலும் சந்தைச் சொற்பொழிவுகளிலும் கூறிவந்தனர்.

நாவலரின் விடை இதனினும் எளிமையானது: அக்குற்றச்சாட்டு உண்மையானால் அது முதலில் சாரும் இடம் வனாந்தரமே. எங்கும் நிறைந்த கடவுள் அங்கே தமக்கு ஒரு கூடாரம் அமைக்குமாறு ஆணையிட்டார். அதனுள் அணையாது எரிய வேண்டிய விளக்கு உண்டு. ஓய்வுநாள்தோறும் மாற்றி வைக்கப்படும் பன்னிரண்டு அப்பங்கள் உண்டு. அவற்றைப் பின்னர் ஆசாரியர்கள் உண்பர். காலையும் மாலையும் நறுமணத் தூபம் உண்டு. பணிமூட்டுகளைத் தைலம் பூசித் தூய்மைப்படுத்தும் சடங்கு உண்டு. கைகால் கழுவாது உட்புகும் ஆசாரியருக்கு இறப்பே தண்டனை. தலைமை ஆசாரியரின் அங்கியின் ஓரத்தில் பொன்மணிகள் தொங்கின. தூபம், தீபம், நைவேத்தியம், அபிடேகம், ஆன்மசுத்தி, மணியோசை ஆகியவற்றை அறிந்த சைவருக்கு இவற்றை விளக்கவேண்டியதில்லை. செந்நிறக் கிடாரியை எரித்துப் பெற்ற சாம்பல் கலந்த நீரைத் தெளித்துத் தீட்டு நீக்கும் விதியும் எண்ணாகமத்தில் உள்ளது. திருநீற்றை வெறும் சாம்பல் என்று இகழ்ந்தவர்களுக்கு இப்பகுதி இடர் தருவதாகும்.

இவ்வொப்பீட்டின் நோக்கம் இரு சமயங்களும் ஒன்றே என்று கூறுவதன்று. நாவலர் சமய சமரசவாதியல்லர்; சைவமே மெய்ச்சமயம் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. கடவுள் ஒருமுறை கட்டளையிட்ட ஒன்று இயல்பிலேயே இழிவானதாக இருக்க முடியாது என்பதே அவர் நிறுவ விரும்பியது. கடவுளுக்கு விளக்கு தேவையில்லை. ஆனால் விளக்கேற்றுமாறு பணிக்கப்பட்ட அடியவர் அதை ஏற்றாமல் இருக்க முடியாது. சடங்கின் பயன் வழிபடுவோரைச் சார்ந்தது என்று கொண்டால், பகுத்தறிவின் பெயரால் எழுப்பப்படும் எள்ளல் வலுவிழக்கிறது.

இந்நூலைப் படித்த மெதடித்தச் சமயப்பரப்பாளர்கள், விவிலியத்தில் அதன் ஆசிரியருக்கிருந்த வியக்கத்தக்க பயிற்சியைத் தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டனர். எதிர்த்தரப்பின் நூலைப் படிக்காமலேயே மறுக்கும் வழக்கம் இருபுறமும் மிகுந்திருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

மறுப்புகளும் வாதத்தின் எல்லையும்

கிறித்தவத் தரப்பின் முதன்மையான மறுப்பு எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை அடிப்படையாகக் கொண்டது. கூடாரமும் பலிகளும் வரவிருந்தவற்றின் நிழல்கள். இயேசுவின் சாவோடு அவை நிறைவேறி முடிந்தன என்பது அதன் சாரம். இயேசுவும் அவருடைய மாணாக்கரும் எருசலேம் ஆலய வழிபாட்டில் பங்கேற்றவர்கள் என்பது இதற்குச் சைவத் தரப்பு தந்த எதிர்விடை. முடிந்துபோன ஒன்றும் ஒருகாலத்தில் கடவுளின் ஆணையாக இருந்ததே என்ற வினாவும் எஞ்சி நின்றது.

உருவ வழிபாட்டில்தான் ஒப்பீடு இறுக்கம் தளர்கிறது. அதே சீனாய் மலையில்தான் உருவங்களைச் செய்து வணங்கலாகாது என்ற கட்டளையும் தரப்பட்டது. பொன் கன்றுக்குட்டியை வணங்கியோருள் ஏறத்தாழ மூவாயிரவர் கொல்லப்பட்டனர். சமயப்பரப்பாளர்கள் இப்பகுதியை விடாது சுட்டினர். ஆனால் கன்றைத் தடுத்த அதே நூல்கள் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் இரண்டு பொன் கேருபீன்களை வைக்கவும் பணிக்கின்றன. பாம்புக்கடியிலிருந்து பிழைக்க வெண்கலப் பாம்பு ஒன்றை உயர்த்தி அதை நோக்குமாறும் கூறுகின்றன. கட்டளையின்றிச் செய்த உருவம் பாவம், கட்டளைப்படி செய்த உருவம் மீட்பு என்று இதைப் படித்தால், உருவமா அருவமா என்பதைவிட விதிக்கப்பட்டதா இல்லையா என்பதே முதன்மையாகிறது. இது நாவலரின் நிலைப்பாட்டுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மக்கள் அவ்வெண்கலப் பாம்புக்குத் தூபம் காட்டியதால் எசேக்கியா அரசர் அதை உடைத்தெறிந்தார் என்று இராசாக்களின் இரண்டாம் நூல் கூறுகிறது. விதிக்கப்பட்டதும் காலப்போக்கில் நீக்கப்பட வேண்டியதாகலாம் என்னும் கருத்து சமயப்பரப்பாளர்களுக்கே சாதகமானது.

இன்னொரு முரணும் உண்டு. வனாந்தர வழிபாட்டின் மையம் விலங்குப் பலி. நாவலரோ உயிர்ப்பலியைக் கடுமையாக எதிர்த்தவர். சிறுதெய்வக் கோயில்களில் ஆடு வெட்டுவதைக் கண்டித்தவர். தம் சொந்த ஊரான நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம முறைப்படி அமையவில்லை என்று அதன் நிருவாகத்தோடும் முரண்பட்டார். ஒப்பீட்டுக்காக எடுத்த சட்டங்கள் அனைத்தையும் அவர் ஏற்றவரல்லர்.

சிதம்பரத்தில்

1864 ஆம் ஆண்டில் நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கிறித்தவச் சமயப்பணி அப்போது புதிதன்று. கடலூரில் 1737 ஆம் ஆண்டிலேயே செருமானிய லூத்தரன் குருமார் ஆங்கிலேய அறிவுப்பரப்புச் சங்கத்தின் ஆதரவில் நிலையான பணியைத் தொடங்கியிருந்தனர். 1860களில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தை மையமாகக் கொண்டு தேனியச் சமயப்பணியும் உருவானது. எனவே சைவப் பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலை என்ற யாழ்ப்பாணத் தேவை இங்கும் இருந்தது.

ஆனால் சிதம்பரத்தில் நாவலர் எதிர்கொண்ட பெரும் பூசல் கிறித்தவர்களோடு நிகழவில்லை. தில்லை நடராசர் கோயிலின் பூசகர்களும் உரிமையாளர்களுமான தீட்சிதர்கள் சைவ ஆகமங்களின்படியன்றி, பதஞ்சலி முனிவர் வகுத்ததாகக் கருதப்படும் வைதிக முறைப்படி பூசை செய்து வருபவர்கள். சிவாலயத்தில் சிவாகம விதியே நடக்க வேண்டும், சிவதீட்சை பெற்றோரே பூசை செய்ய வேண்டும் என்பது நாவலரின் உறுதியான கொள்கை. பெரியபுராணம் அடியார் வரிசையில் முதலில் வைத்துப் போற்றும் தில்லைவாழ் அந்தணர்களின் மரபினர்மீதே இக்குறை கூறப்பட்டது. ‘விதிக்கப்பட்டவாறு செய்கிறீர்களா?’ என்ற வினாவைப் பாதிரிமாரிடம் சைவத்திற்குக் கேடயமாகக் காட்டியவர், சைவத்தின் தலைக்கோயிலில் அதையே குற்றச்சாட்டாக முன்வைத்தார். தங்களுடைய வழக்கமும் தொன்மையான கட்டளையே என்பது தீட்சிதர்களின் நிலைப்பாடு. இரு கீழ்ப்படிதல்கள் இங்கே மோதிக்கொண்டன. அறியாமையோ புறக்கணிப்போ எத்தரப்பிலும் காரணமாயிருக்கவில்லை.

இதே காலத்தில் இராமலிங்க அடிகள் (1823–1874) சிதம்பரத்தை அடுத்த வடலூர்ப் பகுதியில் வாழ்ந்து வந்தார். அவருடைய பாடல்கள் 1867 ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியாரால் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் அச்சிடப்பட்டன. இறைவன் திருவருள் பெற்றோர் பாடிய தேவார திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே அருட்பா என்னும் பெயர் உரியது, வேறொருவர் பாடல்களுக்கு அது பொருந்தாது என்று நாவலர் மறுத்தெழுதினார். கட்டளைகளோடு எதையும் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம் என்ற உபாகமத்தின் எச்சரிக்கையை நினைவூட்டும் நிலைப்பாடு இது. முடிவுற்ற திருமுறைத் தொகுப்பைக் காப்பது ஒருவருக்குக் கீழ்ப்படிதல். இறைவன் இன்றும் பேசுகிறான் என்று பாடுவது மற்றவருக்கு நம்பிக்கை.

மஞ்சக்குப்பம் வழக்கு

1869 ஆம் ஆண்டு ஆனி உத்தர நாளில் சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தாம் இழித்துப் பேசப்பட்டதாகக் கூறி நாவலர் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீட்சிதர்களோடு இராமலிங்க அடிகளும் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டனர். அடிகள் தண்டிக்கப்படவில்லை.

இவ்வழக்கைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அடிகள் நீதிமன்றத்தினுள் நுழைந்தபோது நாவலர் உட்பட அனைவரும் எழுந்து நின்றனர் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அது பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. திருவருட்பா அருட்பாவா மருட்பாவா என்பதை நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்ற கருத்தும் பரவலாக உள்ளது. இது தவறானது. வழக்கு அவதூறு பற்றியது. பாடல்களின் தன்மையை ஆராயும் பொறுப்பு நீதிபதிக்கு இருக்கவில்லை. இப்பூசலில் இருதரப்பும் வெளியிட்ட கண்டன நூல்களை ப. சரவணன் பின்னாளில் தொகுத்து வெளியிட்டுள்ளார்.

பிற்காலம்

நாவலரின் மறைவுக்குப் பின்னரும் அருட்பாப் பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை நாவலரின் தரப்பையும், நாஞ்சில் நாட்டு இசுலாமியப் புலவரான செய்குத்தம்பிப் பாவலர் வள்ளலாரின் தரப்பையும் ஏற்று வாதிட்டனர். ஆகமங்களையும் சாதியையும் கடந்து செல்லும் பாடல்களைக் கொண்ட திருவருட்பா ஆறாம் திருமுறை 1885 ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. நாவலர் மறுத்தெழுதியபோது அவர்முன் இருந்தவை பெரும்பாலும் சைவ மரபுக்குள் நிற்கும் பாடல்களே என்பதை இவ்விவாதத்தைப் படிப்போர் கருத்திற் கொள்ளவேண்டும்.

சைவதூஷணபரிகாரம் பலமுறை மறுபதிப்புக் கண்டது. சமயப்பரப்பாளர்களுக்கு விடைகூற விரும்பிய சைவர்களுக்கு அது ஒரு கைந்நூலாகப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் தென்னிசு அட்சன் நாவலரைப் பற்றிய தம் ஆய்வுகளில் இந்நூலை விரிவாக ஆராய்ந்தார்.

நாவலர் துணைநின்ற பெர்சிவல் மொழிபெயர்ப்பைத் தமிழ்ச் சபைகள் ஏற்கவில்லை. பெப்ரிசியசின் பழைய மொழிபெயர்ப்பில் பழகிய செவிகளுக்கு அதன் நடை அயலாக இருந்தது. என்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1871 இல் வெளிவந்து அதன் இடத்தைப் பெற்றது. சிதம்பரத்தில் நாவலர் தொடங்கிய பாடசாலை அவர் பெயரால் மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.